கூலி வேலைப் பட்டறைக்கு எந்த வரி உண்டு, எது இல்லை: எங்கள் நிலைப்பாடு

கோவையில் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் ஒரே ஒரு லேத்தைப் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர்களிடம், ‘ஜிஎஸ்டி நம்பர் எடுத்துட்டு வாங்க, அப்புறம் ஆர்டர் பேசிக்கலாமுங்க’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எங்கள் சங்கம் இதை எதிர்க்கிறது.

ஜாப் ஒர்க் சேவைக் கணக்கில் வருகிறது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை. 40 லட்சம் என்பது பொருள் விற்பவர்களுக்கான வரம்பு. அதை நம்பி இருந்து நோட்டீஸ் வாங்க வேண்டாம். இந்த 20 லட்சத்தில் சேர்வது கூலி. கடை வாடகை வந்தால் அதுவும் சேரும். கம்பெனி டெலிவரி சலானில் அனுப்பும் காஸ்டிங்கின் விலை சேராது. உள்ளீட்டு வரி வரவை இழப்போம் என்று கம்பெனி சொன்னால், பதிவில்லாதவரின் பில்லில் வரியே இல்லாதபோது இழப்பதற்கு அது எங்கிருந்து வரும்?

வரம்பைத் தாண்டியவர் கட்டத்தான் வேண்டும். மனைவி பேரில் ஒன்று, தம்பி பேரில் ஒன்று என்று ஒரே பட்டறையைக் காகிதத்தில் பிரிப்பவர்களுக்காக நாங்கள் வாதாட மாட்டோம். ஆனால் விகிதம் நியாயமாக இல்லை. 2019 அக்டோபரில் 18 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்த பொறியியல் ஜாப் ஒர்க் வரி, 2025 செப்டம்பர் 22 முதல் மறுபடியும் 18 ஆகிவிட்டது. திருப்பூரில் துணிக்குச் செய்யும் ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம்தான். இரும்புக்கும் அதையே கேட்கிறோம்.

வருமான வரி வேறு கணக்கு. ஆண்டுக்கு 18 லட்சம் கூலி, முழுவதும் வங்கி வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உத்தேச வருமான முறையில் குறைந்தது 6 சதவீதம், அதாவது 1,08,000 ரூபாயை லாபமாகக் காட்ட வேண்டும். உண்மை லாபம் 5 லட்சம் என்றால் அதையே காட்டலாம்; புதிய முறையில் 12 லட்சம் வரை வரி வராது. ஆனால் கம்பெனி 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருந்தால் 18,000 ரூபாய் அரசிடம் கிடக்கும். ‘வரிதான் இல்லையே’ என்று ரிட்டர்ன் போடாதவருக்கு அந்தப் பணம் திரும்பாது. எங்கள் உறுப்பினர்களின் கை அதிகம் கடிபடுவது இந்த இடத்தில்தான்.

மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொழில் வரியில் எங்களுக்குத் தகராறு இல்லை. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது என்று அரசியலமைப்பே சொல்கிறது.

ஆர்டர் கொடுக்கும் கம்பெனிகளிடம் கேட்பது: 20 லட்சத்துக்குக் கீழே உள்ளவரிடம் ஜிஎஸ்டி நம்பரைக் கேட்காதீர்கள், பிடித்த டிடிஎஸ்ஸை அவருடைய பான் எண்ணில் தவறாமல் ஏற்றுங்கள்.