பைக்கை வித்தாச்சு... பேரை மாத்தியாச்சா?

பழைய மோட்டார் சைக்கிளைத் தெரிந்த ஆளிடம் நேரடியாக விற்றால் ரெண்டு காசு கூட கிடைக்கும். டீலரிடம் விட்டால் விலை குறையும். ஆனால் அன்றைக்கே கையில் பணம். பலரும் இந்தக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். வில்லங்கம் இருப்பதோ ஆர்.சி. புக்கில்.

வண்டி கைமாறியும் பெயர் மாறாவிட்டால், விபத்து நஷ்டஈட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. 2007-ல் காரை விற்றவர், அது பல கை மாறி 2009-ல் விபத்தில் சிக்கியதால் மாட்டிக்கொண்டார். பைக்குக்கும் இதே சட்டம்தான்.

நேரடி விற்பனையில் வாங்குகிறவர் யார் என்று தெரியும். 29, 30-ம் எண் பாரங்களில் கையெழுத்துப் போட்டு 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்துவிடலாம். டீலரிடம் வெற்று பாரத்தில் கையெழுத்துப் போட்டால், வண்டி யாரிடம் போகிறது என்றே தெரியாது.

இதற்காகத்தான் 2023 ஏப்ரல் முதல் புது விதி வந்தது. அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால், '29சி' பாரத்தை ஆன்லைனில் பதிந்ததும் பொறுப்பு அவர் தலைக்குப் போய்விடும்.

எனவே டீலரிடம் போனால், பணத்தை எண்ணும் முன் 29சி ரசீதைக் கேளுங்க. இல்லையென்று கையை விரித்தால் சாவியைக் கொடுக்காதீங்க.