உயிரணுவின் மின்சாரம் யாருக்குச் சொந்தம்?

பல்லைப் பிடுங்குமுன் மருத்துவர் ஈறிலே ஊசி போடுகிறார். ஈறு மரத்துப் போகிறது. மந்திரமா? மாயமா? இல்லை, தோழர்களே! நரம்பு, மின் துடிப்பால் செய்தி அனுப்புகிறது. நரம்பு உயிரணுவின் சவ்விலே சோடியத்துக்கு ஒரு வாசல், பொட்டாசியத்துக்கு ஒரு வாசல். சோடியம் உள்ளே பாய்ந்தால் துடிப்பு எழும். பொட்டாசியம் வெளியேறினால் துடிப்பு அடங்கும். ஊசி மருந்து சோடிய வாசலை அடைக்கிறது. வலிச் செய்தி வழியிலேயே நின்றுவிடுகிறது!

இந்தத் துடிப்புக்குக் கணக்கு எழுதியவர்கள் இங்கிலாந்தின் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். பிளிமத் கடற்கரை ஆய்வுக்கூடத்தில் கணவாயின் தடித்த நரம்பை அளந்தார்கள். கணக்குப் போடும் நேரத்தில், கேம்பிரிட்ஜ் கணிப்பொறியை மாற்றியமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஹக்ஸ்லி சோர்ந்தாரா? கைப்பிடி வைத்த கணக்கு எந்திரத்தை எடுத்தார். சுற்றினார், சுற்றினார், வாரக்கணக்கில் சுற்றினார்! 1952இல் அவர்களுடைய சமன்பாடுகள் வெளிவந்தன. 1963இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

அன்று வாரக்கணக்கில் உழைப்பைக் கேட்ட கணக்கை, இன்று சாதாரணக் கணிப்பொறி நொடியில் முடிக்கிறது. 'நியூரான்' போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. மாணவன் திரையிலே வெளிச் சோடியத்தைப் பாதியாக்குகிறான். துடிப்பின் உயரம் குறைகிறது. சோடிய வாசலை முற்றும் அடைக்கிறான், துடிப்பே எழவில்லை. "ஏன்?" என்று கேட்கிறான். அந்தக் கேள்வியல்லவா கல்வி!

"திரையிலே விளையாடுவது படிப்பாகுமா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கரும்பலகை வளைகோட்டை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறப்பதுதான் படிப்பா என்று நாம் கேட்கிறோம். உயிருள்ள நரம்பை அளப்பதற்கு இது ஈடென்று நாம் சொல்லவில்லை. சமன்பாட்டில் இல்லாத உண்மை திரையிலும் தோன்றாது. ஆனால் நுண்மின்முனையும் பெருக்கியும் வாங்க வசதியற்ற கல்லூரி மாணவனுக்கு, ஏட்டுச் சுரைக்காய்தான் விதியா?

ஆகவே வற்புறுத்துகிறோம்: உடலியல் கற்பிக்கும் அரசுக் கல்லூரிகள்தோறும் இந்த மென்பொருள் மாணவர் கைக்கு வரட்டும். ஆங்கிலத்தில் இருக்கும் செய்முறை விளக்கம் அழகு தமிழிலும் வரட்டும். "என்ன நடக்கும், முதலில் நீ சொல்" என்று ஆசிரியர் கேட்கட்டும். அதன்பின் மாணவன் பொத்தானை அழுத்தட்டும்.

ஹக்ஸ்லி சுற்றிய கைப்பிடி, இன்று உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இடையிலே நிற்பது அலட்சியம் ஒன்றுதான். அதை அகற்றுவோம்!