காலியான பீரங்கியை நிரப்புவது யார்?



எந்தப் பீரங்கியும் ஒரு முறை சுட்டுவிட்டால் வெறும் இரும்புக் குழாய்தான். மறுபடி சுட வேண்டுமானால் மறுபடி நிரப்ப வேண்டும். குண்டு வார்ப்பவன் தொழிலாளி. மருந்து திணிப்பவன் தொழிலாளி. அதைக் கப்பலில் ஏற்றுபவனும் தொழிலாளி. சுடு என்ற உத்தரவு மட்டும்தான் மேலேயிருந்து வருகிறது.

2022ல் உக்ரைன் யுத்தம் மூண்டதும் உலகெங்கும் பீரங்கிக் குண்டுக்குப் பஞ்சம் வந்தது. ஓராண்டில் பத்து லட்சம் குண்டு தருவதாக 2023 மார்ச்சில் வாக்களித்த ஐரோப்பிய யூனியன், கெடு முடிந்தபோது ஏறக்குறைய பாதியைத்தான் கொடுத்திருந்தது. அமெரிக்கா, இஸ்ரேலில் தான் சேர்த்து வைத்திருந்த குண்டுகளையே எடுத்து உக்ரைனுக்கு அனுப்பியது. 2023 அக்டோபரில் காஸா யுத்தமும் சேர்ந்துகொண்டது. பஞ்சம் இன்னும் முற்றியது.

பஞ்சத்தைப் பற்றி விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அரிசிப் பஞ்சத்தில் கொழுப்பவன் பதுக்கல்காரன். குண்டுப் பஞ்சத்தில் கொழுப்பவன் ஆயுத முதலாளி.

அந்த வியாபாரம் நம் வாசலுக்கே வந்தது. 2024 மே மாதம் ‘மரியான் டானிகா’ என்ற கப்பலைத் தன் துறைமுகத்தில் அணைய விடமாட்டோம் என்று ஸ்பெயின் சர்க்கார் அறிவித்தது. இஸ்ரேலுக்கு ஆயுதம் கொண்டு போகிறது என்பதே காரணம். அதில் இருந்தது சுமார் 27 டன் வெடிபொருள் என்றும், சென்னையிலிருந்து ஹைபாவுக்குப் போகிறது என்றும் ஸ்பெயின் பத்திரிகை எழுதியது. அதற்குள் காஸாவில் மாண்டவர்கள் 35,000க்கும் மேல் என்று அங்குள்ள சுகாதார இலாகா கணக்குக் காட்டியிருந்தது.

இங்கே நாம் சுயவிமர்சனம் செய்துகொள்ள வேண்டும். அதே ஆண்டு பிப்ரவரியில், 11 பெரிய துறைமுகங்களின் தொழிலாளரைக் கொண்ட இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், பாலஸ்தீன யுத்தத்திற்கான ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம் என்று பிரகடனம் செய்தது. தலைநிமிர்ந்து சொல்லத்தக்க பிரகடனம். ஆனால் ஏப்ரலில் கப்பல் சென்னையை விட்டுப் போய்விட்டது. தீர்மானம் காகிதத்தில் நின்றது, சரக்கு கடலில் மிதந்தது.

ஏன்? இன்றைய துறைமுகத்தில் சரக்கு முதுகில் ஏறுவதில்லை. சீல் வைத்த கண்டெய்னரில் வருகிறது. கிரேன் ஓட்டுபவருக்கு உள்ளே இருப்பது துணியா, வெடிமருந்தா என்று தெரியாது. கண்டெய்னர் முனையங்கள் தனியார் கையில் இருக்கின்றன. காண்டிராக்ட் தொழிலாளி கேள்வி கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. சரக்கு இன்னதென்று அறியும் உரிமை இல்லாதவனுக்கு, அதை மறுக்கும் உரிமை எப்படி வரும்?

“காஸா எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன?” என்று ராயபுரத்துத் தோழர் ஒருவர் கேட்கலாம். 1944 ஏப்ரல் 14ல் பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்ற ‘போர்ட் ஸ்டிகைன்’ கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருளும் பஞ்சுப் பொதிகளும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. தீப்பிடித்து வெடித்தது. துறைமுகத் தொழிலாளரும் தீயணைப்புப் படையினருமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 2020 ஆகஸ்டில் பெய்ரூத் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான், நம் மணலியிலேயே 2015 முதல் சுமார் 700 டன் அதே சரக்கு கிடந்தது ஊருக்குத் தெரிந்தது. அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரி ஏற்றினார்கள். 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் நள்ளிரவில் மூச்சுத் திணறி ஓடினார்கள். எங்கேயோ விழப்போகும் குண்டு முதலில் நம் குடிசையோரமாகத்தான் போகிறது.

“தேசப் பாதுகாப்புக்கு வெடிமருந்து வேண்டாமா?” என்பார்கள். வேண்டும். ஆனால் 2017ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையே, நம் ராணுவத்தின் குண்டு வகைகளில் 40 சதவிகிதம் பத்து நாள் யுத்தத்துக்குக்கூடக் காணாது என்றது. 2021ல் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக உடைத்தார்கள். அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் அதில் போயிற்று. எதிர்த்த தொழிலாளியின் வேலைநிறுத்த உரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். தேசத்தின் பெயரால் தொழிலாளியின் வாயை அடைப்பவர்கள், ஏற்றுமதி என்றால் கணக்குப் பார்ப்பதில்லை.

1945ல் சிட்னித் துறைமுகத்தில் என்ன நடந்தது? இந்தோனேசிய விடுதலையை நசுக்க ஆயுதம் ஏற்றிப் புறப்பட்ட டச்சுக் கப்பல்களை ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர் மறித்தார்கள். அவர்களோடு தோளோடு தோள் நின்றவர்கள் இந்தியக் கப்பல் தொழிலாளர்! இன்னொரு நாட்டான் சாவதற்குக் கூலி வாங்க அவர்கள் மறுத்தார்கள். அப்போது நம் நாடே அடிமை நாடு.

நம் கோரிக்கைகள் எளியவை. ஆபத்தான சரக்கின் பட்டியலை ஏற்றுமுன் தொழிற்சங்கத்துக்குக் காட்டு. யுத்தச் சரக்கை மறுப்பவனின் வேலையில் கைவைக்காதே. காண்டிராக்ட் தொழிலாளிக்கும் அதே பாதுகாப்பைக் கொடு.

இதைத் துறைமுகத் தொழிலாளி தனியே வென்றுவிட முடியாது. திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளியும் பொன்னேரி வயல் கூலியும் கூட நிற்க வேண்டும். மணலியில் யூரியாவாகி வயலுக்கு வருவது அம்மோனியா. வெடிமருந்தாகிப் பிள்ளைகளைக் கொல்வதும் அதே அம்மோனியாதான். எதற்காக என்று கேட்கும் உரிமை, அதைத் தொட்டு வேலை செய்யும் கைக்கு உண்டு.

1923ல் சிங்காரவேலர் மே தினக் கொடியேற்றிய கடற்கரை இது. இங்கிருந்து உரம் போகட்டும், துணி போகட்டும். பிணக்குவியலுக்குச் சரக்கு போகக் கூடாது!