காற்றுக்கு முதலாளி யார்?

பட்டம் விடுவது சிறுபிள்ளைகளின் விளையாட்டு என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மீசை முளைத்த மனிதன் ஒருவன் மாடியில் நின்று பட்டம் விட்டால், "பாவம், வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது!" என்று அண்டை வீட்டார் அனுதாபப்படுவார்கள். ஆனால், பட்டம் விடுவதையே உத்தியோகமாகக் கொண்டு, தாய் தகப்பனைப் போஷித்துவரும் வாலிபர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டிக்குப் போனால் வாசகர்கள் அவர்களைக் காணலாம்.

கற்பிட்டி கொழும்பிலிருந்து வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரம். ஒரு புறம் சமுத்திரம்; மறுபுறம் புத்தளம் களப்பு; நடுவே நாக்கை நீட்டினாற்போல் ஒரு துண்டு நிலம். டச்சுக்காரர்கள் 1667-ல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்னும் நிற்கிறது. தமிழ் பேசும் முஸ்லிம்களும், கத்தோலிக்க மீனவர்களும், சிங்களவர்களும் கலந்து வாழும் பிரதேசம் இது. 1990-ல் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல இங்கேதான் வந்து குடியேறின.

இந்த ஊரின் பெரிய ஆஸ்தி காற்று. மே மாதம் முதல் அக்டோபர் வரையில் தென்மேற்குக் காற்று ஓயாமல் வீசும். அதைக் கச்சான் என்பார்கள். (இலங்கையில் வேர்க்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். ஆகையால் புதிதாகப் போகிறவர்கள், "இன்றைக்குக் கச்சான் பலம்" என்று கேட்டதும் சட்டைப் பையில் கையை விட வேண்டியதில்லை!) டிசம்பர் முதல் மார்ச் வரையில் வாடைக் காற்றின் ஆட்சி.

கப்பலடி என்னுமிடத்தில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே மெல்லிய மணல் திட்டு ஒன்று ஓடுகிறது. அலையை அது தடுத்துவிடுகிறது, காற்றைத் தடுப்பதில்லை. கண்ணாடி போன்ற நீரின்மேல் ஆட்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பறக்கிறார்கள்.

அந்தப் பட்டம் மூங்கில் குச்சியும் காகிதமும் ஒட்டியதல்ல. பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் துணி, அதன் முன் விளிம்பில் காற்றடைத்த குழாய், இருபது மீட்டருக்கு மேல் நீண்ட நாலைந்து கயிறுகள், இடுப்பில் கச்சை, காலடியில் பலகை. குழாயில் காற்று இருப்பதால் பட்டம் தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காது, மறுபடியும் எழுப்பிவிடலாம். இந்த யுக்திக்கு பிரான்ஸ் தேசத்து லெகெனியூ சகோதரர்கள் 1984-ல் உரிமை பதிவு செய்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 2024-ல், மார்ஸேல் துறைமுகத்தில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்திலேயே இந்த விளையாட்டு இடம் பெற்றுவிட்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த மாக்ஸ் மேடர் என்னும் பதினேழு வயதுப் பையன் அதில் வெண்கலப் பதக்கம் பெற்றான்.

கப்பலடியில் வெளிநாட்டாருக்குப் பட்டம் கற்பிக்கும் மீனவ வாலிபர் ஒருவருடன் பேச்சுக் கொடுத்தேன்.

"இதில் முதற்பாடம் என்ன?" என்றேன்.

"விடுவதற்குக் கற்றுக்கொள்வதுதான் ஐயா. மணலில் நின்று, கொக்கியைக் கழற்றிப் பட்டத்தைக் கைவிடப் பழக்குவோம். கரையிலிருந்து கடலுக்குக் காற்று திரும்பினால் தண்ணீரில் இறங்கவே விடமாட்டோம். இதெல்லாம் வாப்பா சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்ததுதான்."

"தகப்பனாரும் பட்டம் விடுவாரா?"

வாலிபர் சிரித்தார். "அவர் மீன் பிடிக்கிறவர். கச்சான் வந்தால் அவருடைய படகு கரை ஏறிவிடும். என்னுடைய பலகை தண்ணீரில் இறங்கிவிடும். கச்சான் காலத்தில் அடுப்பு என் சம்பளத்தில் எரியும். கடல் அடங்கிய பிறகு அவருடைய மீனில் எரியும்."

ஒரே காற்று தகப்பனை வீட்டில் உட்கார்த்துகிறது. பிள்ளைக்குச் சோறு போடுகிறது. ஆனால் இந்த ஏற்பாடு எல்லா வருஷமும் நடப்பதில்லை. 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்தபோதும், 2020-ல் கொள்ளைநோய் பரவியபோதும் காற்று வழக்கம்போல் வந்தது, மாணாக்கர்கள்தான் வரவில்லை. 2022-ல் தேசத்தில் பணமுடை ஏற்பட்டபோது, மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகளும் நின்றன. "அந்த வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து கரையில் உட்கார்ந்திருந்தோம்" என்றார் வாலிபர்.

இன்னொரு கவலையும் உண்டு. கற்பிட்டியைச் சுற்றியுள்ள பதினான்கு தீவுகளை உல்லாசப் பிரயாணிகளுக்காக அபிவிருத்தி செய்வதென்று சர்க்கார் முன்பு ஒரு திட்டம் வகுத்தது. மீனவர் சங்கங்கள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பின. தீவுகளில் வாடி போட்டு, வலை உலர்த்தி, கருவாடு காயவைத்துப் பிழைப்பவர்கள் வேறெங்கே போவார்கள்?

மாலையில் அந்த வாலிபரின் தகப்பனாரைக் கண்டேன். வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். பட்டக்காரர்களால் தொந்தரவு உண்டா என்று விசாரித்தேன்.

"எப்போதாவது கயிறு வலையில் மாட்டும்; மகன் வந்து அவிழ்த்துவிடுவான்" என்றார் பெரியவர். "கடலில் எல்லாருக்கும் இடமிருக்கிறது ஐயா. காற்றிலும் இருக்கிறது. கரையில்தான் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறது."

காற்றை ஒருவரும் வேலி போட்டு வளைக்க முடியாது. ஆனால் காற்றுக்கு எதிரே நிற்கும் மணலை வளைத்துவிடலாம். அதை வளைக்கிறவர்தான் காற்றுக்கும் முதலாளியாகிவிடுகிறார். பட்டம் பார்க்கப் போகும் நண்பர்கள் ஆகாயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அந்த மணலில் உலரும் வலைகளையும் சற்றுப் பார்த்துவிட்டு வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.