மூச்சுக்குழலுக்குள் நடக்கும் பேச்சு

கார்த்திகை பிறந்துவிட்டால், தில்லியில் குடியேறிய நம் வீடுகளில் இரண்டு பொருள்கள் வெளியே வருகின்றன. ஒன்று ரஜாய்; மற்றொன்று நீல நிறப் பம்பு. ரஜாயை எல்லோரும் கூச்சமின்றி மொட்டைமாடிக் கொடியில் உலர்த்துவர். பம்பை மட்டும் கைப்பைக்குள்ளும் தலையணைக்கடியிலும் ஒளித்துவைப்பர். இழுப்பு கண்டபோது இரண்டு முறை உறிஞ்சுவது. மூச்சு சீரானதும் நோயே நீங்கிற்று என்று எண்ணி மறந்துவிடுவது. இதுவே நம்மிற் பலருக்கு வழக்கமாக இருக்கிறது. இழுப்பு இல்லாத நாள்களில் அந்த மூச்சுக்குழலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றியே இம்மாதம் அன்பர்களோடு பேச விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன். ரயில்வே அலுவலகத்தில் சரக்குப் பதிவேடு எழுதுகிறவன். ஆயினும் ஓரிடத்துச் செய்தி இன்னோரிடம் சேர்ந்தால்தான் எங்கள் அலுவலே நடக்குமாதலால், இப்பொருளில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

ஆஸ்துமா என்று இன்று யாவரும் வழங்கும் இந்த ஈளை நோயை எளிதாக எண்ணுவதற்கில்லை. 2019ஆம் ஆண்டைக் குறித்த உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலகத்து ஆஸ்துமா நோயாளிகளில் 100க்கு 13 பேரளவில் இந்தியர். ஆனால் அந்நோயால் மாண்டவர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் இந்தியர். நம் நாட்டு நோய் பிற நாட்டு நோயைவிடக் கொடியது என்பதன்று இதன் பொருள். நோயைக் கண்டறியாமல் விடுவதும், கண்டறிந்த பின்னும் உரிய மருந்தை நாள்தோறும் எடுத்துக்கொள்ளாமையுமே இதற்குப் பெருங்காரணங்கள்.

ஹென்றி ஹைட் சால்டர் என்னும் லண்டன் மருத்துவர் 1860ஆம் ஆண்டில் ஆஸ்துமாவைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அவரே அந்நோயால் வருந்தியவர். மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுவதே நோயின் அடிப்படை என்பது அவர் கொள்கை. கெட்டியான காப்பி சிறந்த மருந்து என்றும் அவர் எழுதினார். கும்பகோணத்து அன்பர்கள் இதைக் கேட்டு மகிழ்வார்களாக! காப்பியிலுள்ள காஃபின் அத்தசையைச் சிறிது தளர்த்தும் என்பது மெய்யே. தசை இறுகுவதும் மெய்யே. ஆனால் அது கதையின் பிற்பகுதி. முற்பகுதி தசைக்கும் உள்ளே இருக்கிறது.

மூச்சுக்குழலின் உட்புறத்தை மெல்லிய உயிரணு விரிப்பொன்று போர்த்தியிருக்கிறது. அவ்வணுக்களுட் சிலவற்றின் தலையில் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. அவை ஓயாமல் அசைந்து தூசியையும் கோழையையும் மேல்நோக்கித் தள்ளுகின்றன. வேறு சில அணுக்கள் கோழையைச் சுரக்கின்றன. நெடுங்காலம் இவ்விரிப்பைச் சுவர்ப் பூச்சுப் போன்றதென்றே அறிஞர்கள் கருதிவந்தனர். இன்றோ அதனையே முதற் காவலாளி என்கின்றனர்.

தூசிப்பூச்சி என்று ஒன்று உண்டு. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே அதன் நீளம். மெத்தையிலும் ரஜாயிலும் தங்கி, நம் உடலிலிருந்து உதிரும் தோற்பொடியைத் தின்று வாழ்வது. அதன் கழிவில் இருக்கும் செரிமானப் பொருள், விரிப்பின் அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கட்டுகளை அறுக்க வல்லது. டீசல் புகையின் துகளும், ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸும் வேறு வழிகளில் அவ்வணுக்களைத் துன்புறுத்துகின்றன. துன்புற்ற அணு வாளாவிருப்பதில்லை. அபாயச் செய்தி அனுப்புகிறது.

செய்தி என்றது நுண்ணிய புரதங்களை. டி.எஸ்.எல்.பி., இன்டர்லூக்கின்-33, இன்டர்லூக்கின்-25 என்னும் மூன்றும் இவ்வகையில் முதன்மையானவை. இவற்றுள் இன்டர்லூக்கின்-33 அணுவின் உட்கருவிலேயே அடங்கியிருந்து, அணு சிதையும்போது வெளியே சிந்துவது. இச்செய்திகள் தபால்போல் ஒரு முகவரிக்குச் செல்வனவல்ல. புதுதில்லி ஸ்டேஷனில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புறப்படப்போவதை ஒலிபெருக்கியில் அறிவித்தால், அது எல்லோர் காதிலும் விழும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுபவர்கள் அந்த வண்டிக்குச் சீட்டு வைத்திருப்பவர்கள் மட்டுமே. அவ்வாறே அச்செய்திப் புரதத்துக்குரிய ஏற்பியைத் தன் மேற்பரப்பில் உடைய அணுவே அதனைக் கேட்டு எழும்.

அப்படி விரைந்து எழுவனவற்றுள் ஐ.எல்.சி.2 என்னும் வெள்ளணு வகையும் ஒன்று. 2010ஆம் ஆண்டளவில்தான் இவை தெளிவாக இனங்காணப்பட்டன. வந்த பொருள் இன்னதென்று ஆராயாமலே, அபாயக் குரலை மட்டும் கேட்டு இவை வேறு இரண்டு செய்திகளைப் பரப்புகின்றன. இன்டர்லூக்கின்-5 என்பது, நம்மவர் ‘ஈஸ்னோபீலியா’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோமே, அந்த ஈஸ்னோபில் அணுக்கள் எலும்பு மச்சையில் பெருகவும் நெடுநாள் பிழைத்திருக்கவும் துணைசெய்வது. இன்டர்லூக்கின்-13 என்பது கோழையைப் பெருக்கித் தசையை எளிதில் இறுகும்படி செய்வது.

இன்னொரு கிளைப்பாதையும் உண்டு. விரிப்பின் கீழே காத்திருக்கும் வேறு சில அணுக்கள், உள்ளே வந்த அந்நியப் பொருளின் மாதிரியை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே டி-அணுக்கள் பயிற்சி பெற்று, பி-அணுக்களை ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருளை ஆக்கும்படி ஏவுகின்றன. இந்த ஐ.ஜி.ஈ.யை 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆராய்ந்த இஷிசாகா என்னும் ஜப்பானியத் தம்பதியர் வெளிப்படுத்தினர். சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளரும் தனியே அதனைக் கண்டனர். ஐ.ஜி.ஈ. மாஸ்ட் அணுக்களின்மேல் சென்று அமர்ந்துகொள்ளும். அதே தூசி மறுமுறை வந்து தொட்டவுடன், மாஸ்ட் அணு தன்னுள் சேமித்த ஹிஸ்டமின் முதலியவற்றைச் சில நிமிடங்களில் கொட்டிவிடும். அப்போது தசை இறுகுகிறது. மார்பில் விசில் ஒலிக்கிறது. வீட்டார் நீலப் பம்பைத் தேடுகிறார்கள்.

பேச்சு அத்துடன் முடிவதில்லை என்பதே நாம் கருத்தூன்ற வேண்டிய இடம். இன்டர்லூக்கின்-13 விரிப்பணுக்களிடமே திரும்பி வருகிறது. அவை அதைக் கேட்டு, மேலும் ஈஸ்னோபில்களை வரவழைக்கும் புரதங்களைச் சுரக்கின்றன. வந்த ஈஸ்னோபில்கள் தம்மிடமுள்ள நச்சுத் துகள்களைக் கொட்டி விரிப்பையே புண்படுத்துகின்றன. புண்பட்ட விரிப்பு மீண்டும் அபாயக் குரல் எழுப்புகிறது. தூசி நின்ற பின்னும் இக்கூக்குரல் நிற்பதில்லை. அழற்சி என்று மருத்துவ நூல்கள் கூறுவது இதனையே. ஆண்டுக்கணக்கில் இது நீடித்தால், விரிப்பின் அடியிலுள்ள நாரணுக்களும் செய்தி கேட்டு நார்ப்பொருளைப் படியவைத்துக் குழலின் சுவரைத் தடிக்கச் செய்யும். அங்ஙனம் தடித்ததைப் பழையபடி மெலிதாக்குவது அரிது.

2024ஆம் ஆண்டில் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர் ஒன்று கண்டு வெளியிட்டனர். தசை இறுகும்போது உள்ளிருக்கும் விரிப்பு நெருக்குண்டு, அதன் அணுக்கள் பிதுங்கி உதிர்ந்துவிடுகின்றன. தளர்த்தும் மருந்தாகிய சால்புடமால் குழலைத் திறந்துவிட்டதேயன்றி, அவ்வுதிர்வைத் தடுக்கவில்லை. இச்சோதனைகள் எலிகளிலும், மனித நுரையீரல் துண்டுகளிலும் செய்யப்பட்டவை. நோயாளிகளுக்கான சிகிச்சையாக இது இன்னும் வரவில்லை. எனினும் ஒவ்வொரு இழுப்பும் அடுத்த இழுப்புக்கு வழிவகுக்கக்கூடும் என்பது இதனால் விளங்குகிறது.

இனி நீலப் பம்புக்கு வருவோம். அது தசையைத் தளர்த்தும். ஆபத்து வேளையில் உயிரைக் காக்கும். அதனைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் மேலே சொன்ன பேச்சில் ஒரு சொல்லையும் அது நிறுத்துவதில்லை. அதனை நிறுத்த முயல்வது மற்றொரு பம்பு. அதிலுள்ள ஸ்டீராய்டு, செய்திப் புரதங்கள் பலவற்றை ஆக்கும் ஜீன்களை அணுவுக்குள்ளேயே அடக்கிவைக்கிறது. இவ்வேலைக்கு நாள்களும் வாரங்களும் ஆகுமாதலால், உறிஞ்சியவுடன் சுகம் தெரிவதில்லை. சுகம் தெரியாத மருந்தை நம் மக்கள் நம்புவதுமில்லை! உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவாகிய ‘ஜினா’, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் தளர்த்தும் பம்பை மட்டுமே தனியாக நம்பியிருத்தல் தகாது என்று 2019ஆம் ஆண்டில் அறிவித்துவிட்டது. இரண்டு மருந்தும் ஒன்றாய்ச் சேர்ந்த பம்புகளும் இப்போது உள்ளன.

‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டதும் பலர் அஞ்சுகின்றனர். அளவைப் பாருங்கள். ஐந்து மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 5000 மைக்ரோகிராம் இருக்கிறது. பம்பில் ஒருமுறை உறிஞ்சுவது பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். அதுவும் நேரே குழலுக்குச் செல்வது. இரண்டும் ஒரே ஸ்டீராய்டு அல்லவாதலால் எடையை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாதுதான். ஆனாலும் உடல் முழுவதும் பரவும் மாத்திரைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு பெரிது. உறிஞ்சிய பின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால், வாய்ப்புண் பூஞ்சையும் பெரும்பாலும் தவிர்க்கப்படும். ‘பழகிவிடும்’ என்ற பேச்சுக்கோ ஆதாரமில்லை. நிறுத்தினால் நோய் மீண்டும் தலைகாட்டுவது நோயின் இயல்பேயன்றி மருந்தின் போதையன்று.

இதனை இவ்வளவு விரித்து எழுதியதற்குக் காரணம், கரோல்பாகிலிருந்து ஓர் அம்மையார் எனக்கு எழுதிய கடிதம். மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம். பிள்ளை வீட்டாருக்குத் தெரியலாகாது என்று, நாள்தோறும் எடுக்கும் பம்பை நிறுத்திவிட்டு, நீலப் பம்பை மட்டும் மறைவாகக் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டிருந்தார். அம்மா, அருள்கூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். மறைக்க வேண்டிய பம்பையே மணமகள் அடிக்கடி எடுக்க நேரும். புகுந்த வீட்டில் நள்ளிரவில் இழுப்பு முற்றினால், இன்ன நோய் என்று சொல்லவும் அங்கே ஆள் இராது. நாளை அவள் கருவுற்றால், அடங்காத ஆஸ்துமா தாய்க்கும் சேய்க்கும் தீங்கு. ஆகையால் மருத்துவர்கள் அக்காலத்திலும் பொதுவாகத் தடுப்புப் பம்பைத் தொடரவே சொல்கின்றனர். பெண்ணின் மூச்சைவிட ஒரு சம்பந்தம் பெரிதாகுமா?

அணுக்களின் பேச்சில் ஒரு குறிப்பிட்ட சொல்லை மட்டும் மறிக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டில் ஐ.ஜி.ஈ.யை மறிக்கும் ஊசியும், 2015ஆம் ஆண்டில் இன்டர்லூக்கின்-5ஐ மறிப்பதும், 2021ஆம் ஆண்டில் முதற் கூக்குரலாகிய டி.எஸ்.எல்.பி.யையே மறிப்பதும் ஒப்புதல் பெற்றன. இவை கடுநோயாளிகளுக்கே உரியவை. விலையோ நம் போன்ற மாதச் சம்பளக்காரர்களை மலைக்கவைப்பது. மேலும் எல்லா ஆஸ்துமாவும் ஈஸ்னோபில் வகையைச் சேர்ந்ததன்று; வேறு வெள்ளணுக்கள் மிகுந்த வகையில் ஸ்டீராய்டும் குறைவாகவே வேலை செய்கிறது.

ஊசியைப் பற்றி யோசிக்குமுன் நல்ல மருத்துவர் செய்யும் முதற் காரியம், நோயாளியைத் தம் எதிரே பம்பை உறிஞ்சிக் காட்டச் சொல்வதாகும். அழுத்துவதும் மூச்சிழுப்பதும் ஒருசேர நிகழாமற் போனால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் ஸ்பேஸர் என்னும் குழாய் இதற்குப் பெரிதும் உதவும். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது பம்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே உறிஞ்சிக் காட்டுங்கள்.