கடலுக்குப் போன குடும்பம். கரைந்து போன சம்பளம்!

பள்ளிக்கூடம் மூடியாச்சு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. வீட்டில் ஃபேன் சுற்றுகிறது; காற்றுதான் வரவில்லை.

"அப்பா, பீச்சுக்குப் போலாம்ப்பா!" என்கிறது சின்னது.

"மெரினா வேணாம். மாமல்லபுரம் போலாம்" என்கிறது பெரிசு.

"புள்ளைங்க கேக்குறதும் நியாயந்தானே? வருஷம் பூரா எங்க கூட்டிட்டுப் போனீங்க?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல்.

குடும்பத் தலைவர் என்ன செய்வார், பாவம்! காலண்டரைப் பார்க்கிறார். பர்ஸைப் பார்க்கிறார். "சரி, ஞாயித்துக்கிழமை போலாம்" என்று தலையை ஆட்டி விடுகிறார்.

ஆட்டிய தலைக்கு அன்று சாயங்காலம்தான் சேதி தெரியும்!

எங்கே போனது பணம்?

காலையில் கிளம்புகிறார்கள். போய் இறங்கும்போது மணி பதினொன்று. உச்சி வெயில். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைக் கல் முன்னால் ஒரு போட்டோ. முடிந்தது மாமல்லபுரம்!

அப்புறம் பசி. கண்ணில் பட்ட முதல் ஓட்டலுக்குள் நுழைகிறார்கள். பளபளவென்று மெனு கார்டு. சின்னது வாய்க்கு வந்ததைக் கேட்கிறது. பில் வருகிறது. அப்பாவின் முகம் கறுக்கிறது. அம்மா பேசவில்லை. அவர் பாதிச் சாப்பாட்டிலேயே கையைக் கழுவி விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தோஷத்துக்குப் போனவர்கள் சண்டையோடு வருகிறார்கள்.

இது ஒரு வீட்டுக் கதையா? இல்லை. ஜவுளிக்கடை கணக்குப்பிள்ளை வீட்டிலும் இதுதான். ஆபீஸ் குமாஸ்தா வீட்டிலும் இதுதான்.

தப்பு யார் மேல்? ஊர் மேல் இல்லை. காசு இல்லாதவனுக்கும் காட்ட அந்தக் கரையில் ஆயிரம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை!

முதலில் டிக்கெட் விஷயம்

ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். கவுண்டரில் 40 ரூபாய். ஒரு இடத்தில் வாங்கியதைக் கசக்கி எறிந்துவிட்டு, அடுத்த இடத்தில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது.

பாறையில் செதுக்கிய அர்ச்சுனன் தபசு ரோட்டோரத்திலேயே இருக்கிறது. நின்று நிதானமாகப் பார்க்கலாம். யானைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அதே பாறையில் ஒரு பூனை ஒற்றைக் காலில் தவம் செய்கிறது. சுற்றி எலிகள்! "எங்க இருக்கு பூனை, கண்டுபிடி பாப்போம்" என்றால் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் போவதே தெரியாது.

அதே ஊர் வீதிகளில் நடந்தால் உளிச் சத்தம் கேட்கும். அரசாங்கம் 1957-இல் தொடங்கிய சிற்பக் கலைப் பயிற்சி இன்றைக்கும் அங்கே கல்லூரியாக நடக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டறை வாசலில் மரியாதையாக நின்று "கொஞ்சம் பாக்கலாமாண்ணே?" என்று கேட்டால் போதும். கல் எப்படிப் பிள்ளையார் ஆகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். இதற்கு எந்தக் கவுண்டரில் டிக்கெட்?

சுனாமி காட்டிய கோயில்

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் சாளுவன்குப்பம். அங்கே புலிக்குகை. பாறையைக் குடைந்து, வாசலைச் சுற்றி யாளித் தலைகளைச் செதுக்கி வைத்திருக்கிறான் பல்லவன். பெயர்தான் குகை, பயம் ஒன்றும் இல்லை. மர நிழல் உண்டு. கட்டுச்சோறு பிரிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பக்கத்திலேயே இன்னொரு அதிசயம். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. எத்தனையோ குடும்பங்களை அழித்தது. அந்த அலை மண்ணை அரித்துக்கொண்டு போனபோது, ஒரு பாறையில் எழுத்து தெரிந்தது. தொல்லியல் துறையினர் படித்தார்கள். முருகன் கோயில் ஒன்றைப் பற்றிய கல்வெட்டு! 2005-இல் தோண்டினார்கள். மேலே பல்லவர் காலத்துக் கருங்கல். அதற்கும் கீழே, அதைவிடப் பழைய செங்கல் கோயில். கல்லில் செய்த வேலும் கிடைத்தது. தமிழ்நாட்டின் மிகப் பழைய முருகன் கோயில்களில் ஒன்று அது.

கடல் மூடியதைக் கடலே திறந்து காட்டியிருக்கிறது! இதைப் பார்க்காமல் எத்தனை பஸ் அந்த வழியாகப் போகிறது! "அடுத்த ஸ்டாப்பிங் மாமல்லபுரம்" என்று தூங்கிக்கொண்டே போகிறார்கள் ஜனங்கள்.

பாம்புப் பிடாரருக்கு பத்மஸ்ரீ

இன்னும் வடக்கே வந்தால் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை. 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. முதலையைப் பார்க்கப் பலரும் போகிறார்கள். ஆனால் அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1978-இல் பதிவான சங்கம் அது. தோலுக்காகப் பாம்பு பிடித்த மக்கள், சட்டம் வந்து பிழைப்புப் போனதும், உயிர் காக்கும் வேலைக்கு வந்தார்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம் இது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் தேட வேண்டாம், ஈ.சி.ஆர். ரோட்டில் இறங்கினால் போதும்.

தெற்கே போனால் டச்சுக்கோட்டை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து மெல்லிய துணி கப்பல் ஏறியது. உள்ளே டச்சுக்காரர்களின் கல்லறைகள். கல்லின் மேல் நுணுக்கமான வேலைப்பாடு. 1782 பிப்ரவரியில் இந்தக் கரைக்கு எதிரே கடலில் ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதிக்கொண்டன.

இத்தனை சரித்திரம்! ஞாயிற்றுக்கிழமையிலும் கூட்டம் இல்லை. குடும்பத்தோடு அமைதியாக உட்காரலாம்.

சோறு எங்கே?

இதுதான் பெரிய கேள்வி.

கடலைப் பார்த்த மேஜைக்குத் தனி விலை. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் பில். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நாலு தெரு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஆட்டோ டிரைவரும் கல் தச்சரும் எங்கே கை நனைக்கிறார்களோ, அங்கே சோறு சூடாக இருக்கும். விலையும் நியாயமாக இருக்கும். தினமும் வருகிற வாடிக்கையை எந்தக் கடைக்காரரும் ஏமாற்ற மாட்டார்.

மீன் விஷயத்தில் ஜாக்கிரதை! கண்ணாடிப் பெட்டியில் பெரிய மீன் சிரிக்கும். "எவ்ளோங்க?" என்றால் எடைக்கு ஒரு விலை சொல்வார்கள். வறுத்து வந்த பிறகுதான் மொத்தம் தெரியும். எண்ணெயில் போடும் முன்பே "முழுசுக்கும் எவ்வளவு?" என்று கேட்டுவிட வேண்டும். வெட்கம் பார்த்தால் வேலைக்காகாது.

இன்னொன்று. கோடை விடுமுறையும் மீன்பிடித் தடையும் ஒன்றாக வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குள் போகாது. வஞ்சிரத்துக்குக் கிராக்கி ஏறும். ஐஸில் கிடந்த மீனும் வரும். அந்த மாதங்களில் சின்னப் படகில் வரும் நெத்திலி, சங்கரா கிடைத்தால் வாங்கலாம். விலையும் குறைவு; மீனும் புதுசு.

பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு வரி இருந்தால்? அது கட்டாயம் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் கேட்டால் அதுவும் தப்பு. 1915 என்ற நம்பருக்குப் புகார் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், வீட்டிலிருந்து ஒரு தூக்குப் புளிசாதம் எடுத்துப் போனால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. மதியம் புளிசாதம், சாயங்காலம் ஆளுக்கொரு மீன் வறுவல். பர்ஸும் பிழைக்கும், பிள்ளைகளும் சிரிப்பார்கள்.

பணம் போனால் வரும், உயிர்?

சிக்கனம் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கடலில் குளிப்பதற்கு டிக்கெட் இல்லை. அதனாலேயே அது ஆபத்து!

மாமல்லபுரம் கடல் பார்ப்பதற்கு அழகு. இறங்கினால் கால் அடியில் மண்ணை இழுக்கும். "முட்டிவரைக்கும்தான் போறேன்" என்று போன பிள்ளைகள் திரும்பாத செய்தி இந்தப் பக்கங்களில் எத்தனை முறை வந்துவிட்டது! அலையின் ஓரத்தில் நின்று செல்போனில் படம் எடுக்கிற அப்பா, பிள்ளையைத் திரையில் பார்க்கிறார், கடலைப் பார்ப்பதில்லை.

குளித்தே ஆக வேண்டும் என்றால் வழியிலேயே கோவளம் இருக்கிறது. 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. குளிக்க எல்லை குறித்திருக்கிறார்கள். உயிர்காப்பாளர்கள் உண்டு. உடை மாற்ற அறை, கழிப்பறை உண்டு. பெண்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதே கோவளத்தில் கைலாசநாதர் கோயில், தமீம் அன்சாரி தர்கா, 1808-இல் ஜான் டி மான்டி கட்டிய மாதா கோயில் மூன்றும் இருக்கின்றன. ஒரே ஊரில் மூன்று சாமியையும் கும்பிட்டுவிட்டு வரலாம்.

ஒரு போர்டு வைக்க முடியாதா?

இவ்வளவும் இருக்கிறது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்குகிற குடும்பத்துக்கு யார் சொல்கிறார்கள்? புரோக்கர் சொல்கிறார். அவர் கமிஷன் வருகிற இடத்துக்குத்தானே வழி காட்டுவார்?

2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தார். பிரதமர் மோடி வேட்டி கட்டிக்கொண்டு சுற்றிக் காட்டினார். அதற்காக ஊரே பளபளவென்று ஆனது. ரோடு மின்னியது. விளக்கு எரிந்தது. இரண்டு தலைவர்களுக்கு அத்தனை செய்த அதிகாரிகளுக்கு, குமாஸ்தா குடும்பத்துக்கு ஒரு போர்டு வைக்க முடியாதா?

பஸ் ஸ்டாண்டில், கண்ணில் படுகிற மாதிரி, நல்ல தமிழில் ஒரு பெரிய போர்டு. எந்த இடம், எத்தனை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எவ்வளவு, யாருக்கு டிக்கெட் இல்லை என்று எழுதட்டும். கடற்கரையில் மீன் விற்கும் ஒவ்வொரு கடையிலும் விலைப் பட்டியல் தொங்கட்டும். ஆபத்தான இடத்தில் சிவப்புக் கொடி மட்டும் போதாது. விசில் ஊத ஆளும் நிற்கட்டும். விடுமுறை நாளில் கோவளம், சாளுவன்குப்பம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நின்று நின்று போகிற ஒரு பஸ் விடட்டும். சாதாரணக் கட்டணப் பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. 2021 மே மாதத்திலிருந்து அரசே கொடுத்த சலுகை அது. ஆளுக்கு ஆள் ஆட்டோவிடம் பேரம் பேசும் அவஸ்தை தீரும்.

இதெல்லாம் கோடி ரூபாய்த் திட்டம் இல்லை. கொஞ்சம் பெயிண்ட், கொஞ்சம் மனசு. அவ்வளவுதான்!

கடைக்காரர்களுக்கும் இதில் லாபம் உண்டு. ஏமாந்து போன குடும்பம் ஒரு தடவைதான் வரும். திருப்தியாகப் போன குடும்பம் அடுத்த வருஷம் மச்சினன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

வருஷம் முழுக்க உழைக்கிறவன் வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட ஆசைப்படுகிறான். அந்த ஒரு நாளாவது அவன் பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காமல் இருக்கட்டும்.

கடல் யாரிடமும் காசு கேட்பதில்லை. கரையில் இருப்பவர்களும் நியாயமாகக் கேட்டால் போதும்!