கார் வரலாம், காருக்குரியவர் வரக்கூடாதா?

"கார் வாங்கவா எல்லை தாண்டினாய்?" 2020-ஆம் ஆண்டு ஊரடங்கைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இப்படியொரு கதை சொல்லிச் சிரிக்கிறவர்களை நாம் பார்க்கிறோம். ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த வேளையில், எவரோ ஒருவர் பக்கத்து மாநிலத்திலே கார் வாங்கி வரப் புறப்பட்டாராம். சோதனைச் சாவடியிலே மறிக்கப்பட்டாராம். வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டாராம். சொல்கிறவரும் சிரிக்கிறார், கேட்கிறவரும் சிரிக்கிறார். சாவு வாசலில் நிற்கும்போது சவாரிக்கு ஆசையா என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

நாமும் சிரித்தவர்கள்தாம், ஒளிப்பானேன்! கார் என்றதும் சீமான் வீட்டு வாசல்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் சிரித்து முடித்த பிறகு அந்த நாட்களின் உத்தரவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவைத்துப் பார்த்தால், சிரிப்பு நின்றுவிடுகிறது. சிரிப்புக்குரியவர் எல்லையில் நின்ற அந்த மனிதர்தானா என்ற ஐயம் எழுகிறது.

ஓசூர் ஏழைத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். கற்பனைதான், ஆனால் அந்த நாட்களில் ஓசூரைச் சுற்றி வாழ்ந்தோர்க்கு இது கற்பனையாகத் தோன்றாது. வீட்டிலே தந்தைக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். மார்ச்சு 24-ஆம் நாள் மாலை பேருந்து நின்றது. ஜூன் மாதம் கொஞ்சம் ஓடியது. மாதம் முடியுமுன் மீண்டும் நின்றது. போகவர வாடகைக் கார். வண்டிக்காரர் கேட்டதுதான் கூலி. இப்படியே போனால் வீட்டுப் பாத்திரமும் மிஞ்சாது என்று கணக்குப் பார்த்து, மனைவியின் நகையை அடகு வைத்து, பழைய கார் ஒன்று வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்கிறார். ஜூலை மாதத் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரிலேயே வாங்கினால் ஆகாதா என்று கேட்பீர்கள். கையிலிருக்கும் பணத்துக்கு ஏற்ற வண்டி பெங்களூரில் கிடைக்கிறது. அங்கே பழைய கார்ச் சந்தை பெரிது, பேரத்துக்கு இடமுண்டு. மேலும், ஓசூர்க்காரருக்குப் பெங்களூர் அயலூர் அல்ல. ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிற ஊர். ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே ஒரு மாநில எல்லை இருக்கிறது என்பதே பலருக்குச் சுங்கச் சாவடியில் காசு கொடுக்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

அவர் இ-பாஸ் எடுக்க உட்காருகிறார். திருமணமா? நெருங்கிய உறவினர் மரணமா? மருத்துவ அவசரமா? வெளியூரில் சிக்கித் தவித்து ஊர் திரும்புகிறவரா? இவற்றில் எதுவும் இல்லை. மருத்துவம் என்று போடலாமே என்றால், மருத்துவமனைச் சான்று வேண்டும். மருத்துவமனையோ இந்தப் பக்கம் இருக்கிறது, கார் அந்தப் பக்கம் இருக்கிறது. அடுத்த கட்டத்தைப் படிக்கிறார். "வண்டி எண்" என்று இருக்கிறது.

அன்பர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டுகிறோம். கார் இல்லாத குறையால் கார் வாங்கப் போகிறவரைப் பார்த்து, எந்தக் காரில் போகிறாய் என்று கேட்கிறது படிவம். பேருந்து இல்லை, எல்லை தாண்டும் ரயில் அவருக்குக் கிட்டாது, நடந்து போவேன் என்று எழுதக் கட்டம் இல்லை. வண்டி உள்ளவருக்கே வழி. வண்டி இல்லாதவர் வண்டி வாங்கவும் வழி இல்லை. இரவல் வண்டி எண்ணைப் போட்டே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வரும்போது வேறு வண்டியிலல்லவா வருவார்? சீட்டில் ஓர் எண், வண்டியில் வேறொரு எண். சாவடியில் நிற்கும் காவலரிடம் என்ன சொல்வது? ஊரடங்கை மீறியதாகப் பல இலட்சம் வண்டிகள் தமிழ்நாட்டில் பறிமுதலான ஆண்டு அது. வாங்கிய அன்றே காவல் நிலையத்து வெயிலில் அந்தக் கார் நின்றிருக்கும்.

இது நம் பக்கத்துக் கதை. அந்தப் பக்கம் வேறோர் அரசு, வேறொரு பதிவு. கர்நாடகத்துக்குள் போக 'சேவா சிந்து' என்ற தளத்தில் பெயர் எழுத வேண்டும். வருகிறவர் 14 நாள் வீட்டில் தனித்திருக்க வேண்டும் என்பது அப்போதைய பொது விதி. விதிவிலக்குகள் சில இருந்தன, உண்மை. ஆனால் அவற்றை அலுவலகம் வைத்திருப்பவர் அறிவார். பட்டறைத் தொழிலாளி எப்படி அறிவார்? நம் அரசிலும் தொழில் நிறுவனங்களுக்கென்று தனிச் சீட்டு இருந்தது. விற்கிற நிறுவனம் நினைத்தால் சீட்டுப் பெற்றுவிடலாம். வாங்குகிற தனி ஆளுக்குத்தான் பட்டியலில் இடமில்லை.

இன்னும் ஒன்று சொன்னால் வேடிக்கை முழுமை பெறும். சரக்குப் போக்குவரத்துக்கு எல்லை மூடப்படவில்லை. அவசியப் பண்டம், அவசியமற்ற பண்டம் என்ற வேறுபாடுகூட இல்லாமல் எல்லாச் சரக்கும் போகலாம் என்று மத்திய உள்துறை 2020 மார்ச்சு மாதக் கடைசியிலேயே சொல்லிவிட்டது. ஆகவே, அந்தப் பழைய காரை ஒரு லாரியின் முதுகில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினால், அது சரக்கு. ஜூஜூவாடி வழியாக அது ராஜாவைப்போல் வந்து சேரலாம். லாரி வாடகை கொடுக்க வக்கற்ற அதன் சொந்தக்காரர்தான் வரக்கூடாது. இரும்புக்கு இருந்த சுதந்தரம் எலும்புக்கும் தோலுக்கும் இல்லை.

கார் வந்தபின் நடப்பதும் கேளுங்கள். பெங்களூரிலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். வேற்று மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அப்போது நம் சர்க்கார் வரி கேட்கும். கேட்கட்டும், அது முறைதான். ஆனால் எல்லையிலே "இது அவசியப் பயணம் அல்ல" என்று கை காட்டி நிறுத்திய அதே அரசு, வரி வாங்கும் சன்னலில் "இது அவசியமில்லாத கார், வரி வேண்டாம்" என்று சொல்லுமா என்று அறிய ஆசைப்படுகிறோம்.

இதற்கெல்லாம் ஒரு பதில் உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. நோய் பரவுமே, அதற்கென்ன சொல்கிறீர் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாக 2020 மே மாதத்தில் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் தொற்று எப்படிப் பெருகிற்று என்பதைக் கண்டவர்கள் நாம். எல்லையே வேண்டாம், எவரும் எங்கும் போகலாம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், அவரை நாமே கண்டித்திருப்போம். நாட்டில் எங்கும் சென்றுவரும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவே, பொதுநலனை முன்னிட்டு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் கூறுகிறது. நியாயமான கட்டுப்பாடு என்ற சொல்லைத்தான் நாம் இங்கே அழுத்திப் படிக்கிறோம்.

நோய்க்காகப் போட்ட கட்டுப்பாடு நோயைப் பற்றியல்லவா முதலில் கேட்க வேண்டும்? காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, எங்கே போகிறாய், எத்தனை பேரைச் சந்திப்பாய், எப்போது திரும்புவாய் என்று கேட்டிருந்தால் பணிந்து விடை சொல்லியிருப்பார் நம் ஓசூர்க்காரர். ஒரே ஒரு விற்பனையாளரைத் திறந்த வெளியில் சந்தித்து, தன்னந்தனியாகக் காரை ஓட்டி வருகிறவரால் பரவக்கூடிய தொற்று எவ்வளவு? 50 பேர் கூடும் திருமணத்துக்குச் சீட்டு உண்டு. தனி ஆளுக்கு இல்லை. சீட்டைக் கொடுத்தவர்கள் அளந்தது தொற்றையல்ல. உன் காரணம் கௌரவமானதா என்று அளந்தார்கள். தேவை எது, ஆசை எது என்று நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வேலையை ஓர் அலுவலகத்து எழுத்தரிடம் யார் ஒப்படைத்தது?

அப்படி அளந்தால் என்ன விளையுமோ அதுவே விளைந்தது. உயிரோடிருந்த பாட்டிமார் விண்ணப்பங்களில் செத்துப்போனார்கள். உண்மையைச் சொன்னவர் வீட்டில் இருந்தார். பொய் சொன்னவர் போய் வந்தார். பணம் பெற்றுக்கொண்டு பாஸ் வாங்கித் தந்ததாகச் சென்னையில் கைதுகளே நடந்தன. வேலூர் மாவட்டத்திலோ, படிவம் போதாதென்று 2020 ஏப்ரலில் ஆந்திர எல்லைச் சாலைகளின் குறுக்கே சுவரையே கட்டினார்கள். ஊர் சிரித்த பின் இடித்தார்கள். கட்டிய செங்கல்லுக்கும் இடித்த கூலிக்கும் பணம் கொடுத்தவர்கள் நாம். இதே மாநிலத்தில், மே 7-ஆம் நாள் மதுக்கடைக் கதவு திறந்தது, நீதிமன்றம் மூடியது, உச்சநீதிமன்றம் போய் மீண்டும் திறந்தது. அவசியம் எது என்பதில் ஆள்வோருக்குத் தெளிவே இல்லையென்று யாரும் குறை சொல்லிவிட முடியாது!

கார் அவசியமா என்ற கேள்விக்கு அரசு இன்னொரு விதத்திலும் விடை சொல்லிற்று. 2020 ஏப்ரல் மாதம் மாருதி நிறுவனம் உள்நாட்டில் ஒரு காரைக்கூட விற்கவில்லை. ஆனால் மே 8-ஆம் நாளே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையின் சக்கரம் மீண்டும் சுழன்றது. அடுத்த ஆண்டு, 2021 மே மாதத்தில், இரண்டாம் அலை பிணங்களைக் குவித்துக்கொண்டிருந்தபோது, பெரும்பாலான கடைகள் மூடியிருந்தன. கார் ஆலைகளுக்கு விலக்கு இருந்தது. எங்கள் உயிருக்குப் பாதுகாப்பு எங்கே என்று இருங்காட்டுக்கோட்டைத் தொழிலாளர் உட்கார்ந்து போராடினார்கள். ஓரகடத்து ரெனோ-நிசான் தொழிலாளர் உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். சங்கிலிபோல் நகரும் வரிசையில் தோளோடு தோள் நின்று கார் செய்வது அவசியம். தனி ஆளாய்ப் போய்க் கார் வாங்குவது அவசியமல்ல என்று இரண்டு ஆண்டும் சேர்ந்து நமக்குப் பாடம் நடத்தின. முதலாளிக்கு வேண்டிய இடத்தில் கார் அவசியப் பண்டம். தொழிலாளிக்கு வேண்டிய இடத்தில் அது ஆடம்பரம்!

மத்திய சர்க்காரும் இதில் கை கழுவிவிட முடியாது. மாநிலத்துக்குள்ளும் மாநிலங்களுக்கிடையிலும் போக்குவரத்துக்குத் தடை கூடாது, தனி அனுமதி வேண்டாம் என்று ஜூன் மாதத்திலிருந்தே உத்தரவில் எழுதிக்கொண்டு வந்தார்கள். எழுதியதோடு சரி. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டு 22-இல்தான், தடை போடாதீர்கள் என்று உள்துறைச் செயலாளர் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்டு 24-இல் கர்நாடகம் தன் கட்டுப்பாடுகளை நீக்கிற்று. நம் மாநிலத்தில் மாவட்டங்களுக்கிடையே இ-பாஸ் செப்டம்பர் 1-இல் ஒழிந்தது. வெளிமாநிலத்திலிருந்து வருவோர்க்கு அதன் பிறகும் இருந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்து ஓடியது செப்டம்பர் 7-இல். பெங்களூருக்குப் பேருந்து என்றால் தீபாவளியை ஒட்டி நவம்பரில்தான். ஜூலையில் கார் தேடிய நம் ஓசூர்க்காரரின் தந்தை அதற்குள் எத்தனை முறை ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும் என்பதை வாரத்துக்கு மூன்று என்ற கணக்கில் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

கொள்ளைநோய் இனி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வந்தால், 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தையும் 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும் தூசி தட்டி எடுப்பார்கள். அன்று இரவோடிரவாக யாரோ ஒருவர் உட்கார்ந்து படிவம் தயாரிப்பதற்குப் பதிலாக, அமைதியான இந்நாளிலேயே தமிழ்நாடும் கர்நாடகமும் கேரளமும் ஆந்திரமும் புதுவையும் ஒன்றாய் உட்கார்ந்து, எல்லா எல்லைக்கும் ஒரே படிவம் எழுதி வைக்கட்டும் என்று நாம் கேட்கிறோம். அதில் உடல்நிலையைக் கேளுங்கள், போகுமிடம் கேளுங்கள், திரும்பும் நாளைக் கேளுங்கள். காரணம் கேட்கும் கட்டத்தை அடித்துவிடுங்கள். வண்டி எண் கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில், "வண்டி இல்லை" என்று எழுதவும் ஒரு கட்டம் போடுங்கள். அப்படி எழுதுகிறவரை ஏற்றிச் செல்ல, பாதி இருக்கை காலியாக ஓடினாலும் பாதகமில்லை, ஓர் அரசுப் பேருந்தை ஜூஜூவாடி வரைக்குமாவது விடுங்கள்.